கஞ்சியும் கிழங்கும் சாளைக்கறியும்: சட்டியைப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பது எப்படி

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், கருங்கல், தக்கலை, குளச்சல் பக்கத்து வீடுகளில் வாரம் முழுக்க அடுப்பில் ஏறுவது ஏழெட்டு சாப்பாடுதான். சம்பா அரிசிக் கஞ்சியும் பயறும், மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன்கறியும், புட்டு, புளிசேரி என்ற மோர்க்கறி, அவியல், தேங்காயை வறுத்து அரைக்கும் தீயல், அப்புறம் மறுநாள் காலையில் பழங்கஞ்சி. எல்லாமே கையில் காசு குறைந்த நாளிலும் வீடு நிறையச் சாப்பிடக்கூடியவை. காய்ச்சல்காரருக்கும் கடலுக்குப் போய் வந்தவருக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் ஒரே சட்டியிலிருந்து விளம்பலாம்.

விலை குறைந்தது என்பதால் எளிதானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நெய்யும் முந்திரியும் மசாலாவும் போட்ட சாப்பாட்டில் ஒரு பிழையை இன்னொன்று மூடிவிடும். கஞ்சியில் அரிசி, தண்ணீர், உப்பு மூன்றுதான். ஒன்று தவறினாலும் நாக்குக்கு உடனே தெரிந்துவிடும். பொருள் குறைவாக இருப்பதில் ஒரு லாபமும் உண்டு: எங்கே தவறியது என்று கண்டுபிடிப்பது சுலபம். தண்ணீரின் அளவு, புளிப்பைச் சேர்த்த நேரம், தீ. இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். எதையும் சரிசெய்யக் கடைக்கு ஓட வேண்டியதில்லை.

கொட்ட வேண்டியது எது?

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டியில் இருப்பது உழைத்த காசு; கொட்ட மனசு வராது. ஆனாலும் மூன்று சமயங்களில் யோசிக்கவே யோசிக்காதீர்கள். வேகவைத்த மரச்சீனி வாயில் வைத்ததும் கசந்தால் கொட்டுங்கள். மீன்கறி சாப்பிடும்போது மிளகாய்க் காரம் அல்லாத ஒரு குத்தல் நாக்கிலும் உதட்டிலும் ஏறினால் கொட்டுங்கள். பழைய சோறு கையில் எடுக்கும்போது வழுவழுத்து நூல் நூலாக இழுத்தால் கொட்டுங்கள். இந்த மூன்றையும் மறுபடி கொதிக்கவைத்துச் சரிசெய்ய முடியாது. காரணங்களைக் கீழே அந்தந்த இடத்தில் சொல்கிறேன். மற்ற எல்லாச் சட்டியையும் ஏதோ ஒரு வகையில் சாப்பாடாக்கிவிடலாம்.

கஞ்சியில் அரிசி தனி, தண்ணீர் தனி

சிவப்புச் சம்பா அரிசியில்தான் இது அதிகம் நடக்கும். மேல் தவிடு முழுக்கப் போகாத அரிசி என்பதால் உள்ளே தண்ணீர் ஏற நேரம் எடுக்கும். மணி வெந்த மாதிரி தெரிந்தாலும் வாய் பிளந்திருக்காது. வாய் பிளந்து மாவு வெளியே வந்தால்தான் கஞ்சி கெட்டிப்படும்.

இப்போது அடுப்பில் இருக்கும் கஞ்சிக்கு: அகப்பையின் பின்பக்கத்தால் பானையின் ஓரத்தில் அரிசியை நாலைந்து தடவை அழுத்தி மசியுங்கள். எல்லாவற்றையும் மசிக்க வேண்டாம், கால்வாசி போதும். சிறு தீயில் பத்து நிமிடம் விடுங்கள். அவசரம் என்றால் ஒரு அகப்பைச் சோற்றை மட்டும் மிக்சியில் ஒரு சுற்று சுற்றி ஊற்றிக் கலக்கலாம்.

அடுத்த முறை அரிசியை அரைமணி நேரமாவது ஊறவையுங்கள். ஒரு பங்கு அரிசிக்கு ஆறு பங்கு தண்ணீரில் தொடங்குங்கள், மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நடுவில் தண்ணீர் குறைந்தால் கொதிக்கிற தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். பச்சைத் தண்ணீர் விட்டால் கொதி அடங்கி, அரிசியின் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு வேகாமல் நின்றுவிடும். இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தால் அந்தப் பொட்டு தெரியும்.

கேஸ் செலவு யோசித்தால், அரிசி பத்து நிமிடம் நன்றாகக் கொதித்ததும் அடுப்பை அணைத்து, பானையை இறுக மூடி, பழைய கம்பளியோ சாக்கோ சுற்றி வைத்துவிடுங்கள். கேரளத்தில் சூடாறாப்பெட்டி என்று விற்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. மணிக்கூர் ஒன்று கழித்துத் திறந்தால் அரிசி முக்காலும் வெந்திருக்கும். பிறகு ஐந்து பத்து நிமிடத் தீ போதும்.

இறக்கி வைத்த கஞ்சி ஆறியதும் கெட்டியாவது பிழை அல்ல. வெந்நீர் விட்டுக் கலக்கினால் பழையபடி வரும்.

ரேஷன் அரிசியில் சில மணிகள் மிதக்கின்றன

"மைனி, அரிசியில பிளாஸ்டிக் கலந்திருக்காம், கழுவும்போ மிதக்கு" என்று பக்கத்து வீட்டிலிருந்து கேட்காத மாதம் இல்லை. அது பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 கலந்து அரிசி வடிவில் அச்சிட்டு எடுக்கும் செறிவூட்டப்பட்ட மணி அது. நூறு மணிக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்திருப்பார்கள். நிறம் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும், சில மிதக்கும். பொறுக்கி எறிந்தால் எறிவது சத்தைத்தான். நாலைந்து தண்ணீரில் கசக்கிக் கழுவாமல் இரண்டு தண்ணீரோடு நிறுத்துங்கள். வீட்டில் தலசீமியா உள்ளவர்கள் இருந்தால் மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இருப்பு வாடை அடித்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் பதினைந்து நிமிடம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு உலையில் போடுங்கள். வாடை பெரும்பாலும் போய்விடும்.

பயறு வேகவே மாட்டேன் என்கிறது

காரணம் மூன்றில் ஒன்று. பயறு பழசு, கடையிலோ வீட்டிலோ வருஷக்கணக்கில் கிடந்தது. அல்லது தண்ணீர் கடுப்பு (கடினநீர்). கடலோரத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இது சகஜம். அல்லது புளியோ மாங்காயோ தக்காளியோ முன்னாலேயே போட்டுவிட்டீர்கள். புளிப்பு இருந்தால் பயறின் தோலும் உள்சதையும் இளகாது. எவ்வளவு விசில் விட்டாலும் நறுக்கென்றே இருக்கும்.

உப்பைக் குறை சொல்வார்கள். உப்பு அவ்வளவு பெரிய குற்றவாளி இல்லை, புளிதான் குற்றவாளி. சாம்பாருக்குத் துவரம்பருப்பு வேகாததும் இதே காரணத்தால்தான். ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பு மட்டமான பருப்பு என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள்; முதலில் பருப்பை மட்டும் மஞ்சள்தூளோடு வேகவைத்துப் பாருங்கள், புளித்தண்ணீரை கடைசியில் ஊற்றுங்கள். பருப்பின் மேலிருந்த கோபம் போய்விடும்.

இப்போது சட்டியில் இருக்கும் பயறுக்கு ஒரு சிட்டிகை சோடா உப்பு போடலாம். சிட்டிகைக்கு மேல் போனால் சோப்பு வாடை வரும், பயறில் இருக்கிற பி வைட்டமினும் கெடும். குடிக்க வாங்கும் தண்ணீர் வீட்டில் இருந்தால் பயறை வேகவைக்க மட்டும் அதை எடுத்துக்கொள்வது இன்னும் நல்ல வழி.

ரொம்பக் குழைந்துவிட்டதா? கவலையே வேண்டாம். தேங்காய், சீரகம், இரண்டு பல் பூண்டு, வத்தல்மிளகாய் ஒதுக்கி (கொரகொரப்பாக அரைத்து) அதில் கொட்டிக் கிளறி, கறிவேப்பிலையும் பச்சைத் தேங்காய் எண்ணெயும் விட்டு இறக்குங்கள். கஞ்சிக்கு முழுப் பயறைவிட இது சேரும் என்பது என் எண்ணம்.

மரச்சீனி: வேகவில்லை, கசக்கிறது, நீலம் பாய்ந்திருக்கிறது

கிழங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்து ஏழை வீடுகளை இது காப்பாற்றிய மாதிரி வேறெதுவும் காப்பாற்றவில்லை. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பஞ்சத்துக்குத் தீர்வாக இதைப் பயிரிட ஊக்கம் கொடுத்தார். 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்து அங்கிருந்து அரிசி வருவது நின்றபோது திருவிதாங்கூர் முழுக்கக் கிழங்கைத் தின்றுதான் பசியாறியது. 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எல்லை நகர்ந்தாலும் கிழங்கு அடுப்பை விட்டு நகரவில்லை. இப்படித் தலைமுறை தலைமுறையாக வேகவைத்த கைகள் சொல்லிக்கொடுத்த முறையில் காரணமில்லாத ஒரு படியும் கிடையாது. நாம் குக்கருக்கு மாறி அவசரப்படும்போதுதான் அந்தப் படிகள் விட்டுப்போகின்றன.

கசப்பை முதலில் பார்ப்போம். கிழங்கில் இயல்பாகவே ஒரு பொருள் இருக்கிறது. கிழங்கை வெட்டியதும் அது உடைந்து சயனைடு ஆகும். சயனைடு ஆவியாகப் போகக்கூடியது, தண்ணீரிலும் கரையக்கூடியது. அதனால்தான் கிழங்கைச் சின்னச் சின்னதாக வெட்டி, நிறையத் தண்ணீரில், மூடாமல் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடச் சொல்வது. மேல் தோலோடு உள்ளே ஒட்டியிருக்கும் தடித்த பட்டையையும் முழுக்க உரித்துவிடுங்கள். விஷம் அதில்தான் அதிகம். குக்கரில் குறைந்த தண்ணீர் விட்டு மூடி வேகவைத்து, அந்தத் தண்ணீரிலேயே மசித்துவிடுவது வேண்டாம். இவ்வளவும் செய்த பிறகும் கசந்தால் அந்த ரகமே கசப்பு ரகம்; மாவு ஆலைக்கு வளர்த்த கிழங்கு சந்தைக்கு வந்திருக்கலாம். பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், ஆடு மாட்டுக்கும் போடாதீர்கள். பச்சையாகக் கடித்துப் பார்ப்பதும் கூடாது. வாங்கும்போதே சாப்பாட்டுக் கிழங்குதானா என்று கேளுங்கள். எம் 4 என்ற பழைய ரகம் நம் பக்கத்துச் சாப்பாட்டுக்குப் பேர்போனது. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஸ்ரீஜயா, ஸ்ரீவிஜயா போன்ற ரகங்களும் சமையலுக்கு ஏற்றவை.

அடுத்தது வேகாத கிழங்கு. "அக்கா, ஒரு மணிக்கூரா அடுப்பில கிடக்கு, வேகமாட்டேங்கு" என்றால் நான் முதலில் கேட்பது, எப்போது பிடுங்கினது என்றுதான். நல்ல கிழங்கு பிடுங்கின அன்றே வேகவைத்தால் இருபது நிமிடத்தில் பூத்து விரியும். நாள் ஆக ஆக நார் ஏறும். வெயில் காய்ந்து முதல் மழை பெய்த கையோடு பிடுங்கும் கிழங்கும் சரியாக இருக்காது. செடி புதுத் துளிருக்காகக் கிழங்கில் சேர்த்துவைத்த மாவை எடுத்துக்கொள்வதால், அது மெழுகு பிடித்த மாதிரி வெந்தும் வேகாமல் நிற்கும். அதை எவ்வளவு வேகவைத்தாலும் பூக்காது. வடித்து, ஆறவைத்து, மெல்லிசாகச் சீவி, கடுகு, வத்தல்மிளகாய், சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) தாளித்துப் புரட்டி எடுத்தால் சாயங்காலக் காப்பிக்கு ஆகும். நல்ல கிழங்காக இருந்தும் வேகவில்லை என்றால், முதலிலேயே உப்புப் போட்டீர்களா, நடுவில் பச்சைத் தண்ணீர் ஊற்றினீர்களா என்று பாருங்கள். உப்பு வெந்த பிறகு போட்டால் போதும்.

நீலக்கோடு பாய்ந்த கிழங்கு பிடுங்கி இரண்டு மூன்று நாள் ஆனது. காற்றுப் பட்டு உள்ளே நரம்பு கறுக்கும். கோடு ஓரத்தில் மட்டும் இருந்தால் சீவிவிட்டு வேகவைக்கலாம். நடுவரை பரவி புளித்த வாடை அடித்தால் வேண்டாம். ஒரேயடியாக நிறைய வாங்கிவிட்டால் தோலுரித்து, துண்டாக்கி, தண்ணீரில் மூழ்கவைத்துப் பிரிஜ்ஜில் வைத்து, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். பிரிஜ் இல்லாத வீட்டில் தோலோடு ஈரமணலில் புதைத்துவைப்பது பழைய வழி. இன்றைக்கும் நன்றாகவே உதவும்.

தண்ணீர் வடித்த கையோடு மசித்துவிட வேண்டும். தேங்காய், சீரகம், பூண்டு, மஞ்சள், நாலு காந்தாரி மிளகாய் ஒதுக்கி, சூட்டோடு கிழங்கில் போட்டு அகப்பையால் மசித்தால் சேர்ந்து வரும். ஆறின கிழங்கை மசித்தால் கட்டி கட்டியாக நிற்கும், பசை மாதிரியும் இழுக்கும். ஆறிவிட்டதென்றால் கால் டம்ளர் வெந்நீர் தெளித்து, மூடி, ஆவியில் சூடாக்கி அப்புறம் மசியுங்கள்.

மீன்கறி

சாளை (மத்தி மீன்) மலிவு, அதில் உள்ள நல்ல கொழுப்புக்கு விலையே கிடையாது. ஆனால் கெடுவதில் அதற்கு இணையும் கிடையாது. வாங்கும்போது வயிற்றை விரலால் அழுத்துங்கள். திரும்ப எழும்பினால் நல்ல மீன். வயிறு உடைந்து குடல் எட்டிப் பார்த்தாலோ, செவுள் பழுப்பாகியிருந்தாலோ நடையைக் கட்டுங்கள். பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். சாளை, அயிலை, சூரை மாதிரி மீன்களை ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்ந்துவிடும். நாக்கில் குத்தல், முகம் சிவந்து சூடாவது, தலைவலி எல்லாம் அதனால்தான். கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் அது போகாது. அதனால்தான் மேலே கொட்டச் சொன்னேன்.

மீன் உடைந்து கறி கூழாகிவிட்டதென்றால் அகப்பை போட்டுக் கிளறியிருப்பீர்கள். மீன் போட்ட பிறகு அகப்பைக்கு வேலையே இல்லை. மண்சட்டியின் இரண்டு காதையும் துணியால் பிடித்து, ஒரு சுற்று சுழற்றி வைத்தால் போதும், கறி தானே கலக்கும். இன்னொரு காரணம், கறி கொதிப்பதற்கு முன்பே மீனைப் போட்டது. புளியும் மசாலாவும் தேங்காயும் ஒரு கொதி நன்றாகக் கொதித்து, பச்சை வாடை போன பிறகு மீனை அடுக்குங்கள். சாளைக்கு எட்டு நிமிடம் தாராளம். புளிப்பு மீன் சதையை இறுக்கும். அதனால் கறியில் புளி குறைந்தாலும் மீன் சீக்கிரம் உடையும். உடைந்த கறியைக் கொட்ட வேண்டாம், முள்ளை எடுத்துவிட்டுக் கிழங்கோடு பிசைந்து பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

தேங்காய் மேலே திப்பியாக, கீழே தண்ணீராக நிற்கிறதா? அரைப்பு போதவில்லை. அம்மியில் அரைத்த காலத்தில் கை வலித்தாலும் மசியும் வரை விடமாட்டார்கள். மிக்சியில் தண்ணீர் அதிகம் ஊற்றினால் தேங்காய் பிளேடுக்கு அகப்படாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு ஸ்பூன் தண்ணீரில் தொடங்கி, கெட்டியாக அரைத்து, விரலில் தேய்த்தால் துகள் படாத பதம் வந்ததும் மீதித் தண்ணீரைச் சேர்க்க வேண்டும். மல்லித்தூளைத் தேங்காயோடு சேர்த்து அரைத்தால் கறி இன்னும் கெட்டிப்படும். இப்போது இருக்கும் கறிக்கு: மீனை மெல்ல எடுத்து வைத்துவிட்டு, ஆறிய குழம்பை மறுபடி மிக்சியில் சுற்றி, கொதிக்கவிட்டு மீனைத் திரும்ப இறக்குங்கள்.

கவிச்சை தூக்கலாக இருந்தால் கழுவியதில் குறை. கல்லுப்பும் கொஞ்சம் புளியும் போட்டுத் தேய்த்து இரண்டு தண்ணீரில் அலசுங்கள். கடல்மீனின் அந்த வாடையைப் புளிப்புதான் அடக்கும். கறியான பிறகு தெரிந்தால் ஒரு துண்டு மாங்காயோ புளித்தண்ணீரோ சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, கறிவேப்பிலையும் பச்சைத் தேங்காய் எண்ணெயும் விட்டு மூடுங்கள்.

பின்னே, மீன் விலை ஏறும் மாதங்கள். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த நாளில் கடனுக்கு மீன் வாங்க வேண்டாம். நெத்தோலிக் கருவாடும் முருங்கைக்காயும் போட்டு இதே தேங்காய் அரைப்பில் வையுங்கள். கருவாட்டை வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு, மண்ணும் உப்பும் போக அலசி, கறிக்கு உப்பே போடாமல் தொடங்கி, கடைசியில் பார்த்துப் போட வேண்டும்.

புளிசேரி திரிந்துவிட்டது

மோர் கொதித்துவிட்டது, அவ்வளவுதான். தயிரில் இருக்கும் புரதம் சூடு மிஞ்சினால் சுருங்கிக் கட்டியாகி, தண்ணீரைத் தள்ளிவிடும். புளிசேரிக்குக் கொதி கூடாது. தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் அரைப்பைக் காயோடு கொதிக்கவைத்து, தீயை நன்றாகக் குறைத்து, கடைந்த மோரை ஊற்றி, கை விடாமல் கிளறி, ஓரத்தில் நுரை கூடும்போதே இறக்கிவிட வேண்டும். பிரிஜ்ஜிலிருந்து எடுத்த கையோடு தயிரை ஊற்றாதீர்கள். அரைப்பில் ஒரு ஸ்பூன் பச்சரிசி சேர்த்து அரைத்தால் திரிவது குறையும்.

திரிந்ததைச் சரிசெய்ய, காயை எடுத்துவிட்டு, ஆறியதும் ஒரு ஸ்பூன் அரிசிமாவோடு மிக்சியில் சுற்றி, சிறு தீயில் சூடு மட்டும் காட்டுங்கள். முழுக்கப் பழையபடி வராது, சோற்றுக்கு ஊற்றலாம்.

புட்டு இறுகிவிட்டது, அல்லது உதிர்ந்துபோகிறது

எல்லாம் நனைப்பதில் இருக்கிறது. மாவில் உப்புத் தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்துப் பிசற வேண்டும். அளந்து மொத்தமாக ஊற்றக் கூடாது, ஏனென்றால் ஒவ்வொரு மாவும் ஒவ்வொரு அளவு தண்ணீர் குடிக்கும். ஒரு பிடி மாவை உள்ளங்கையில் இறுகப் பிடியுங்கள். பிடி நிற்க வேண்டும்; கட்டைவிரலால் தட்டினால் உதிர வேண்டும். நிற்காவிட்டால் தண்ணீர் குறைவு, வெந்த புட்டு தொண்டையை அடைக்கும். தட்டியும் உதிராவிட்டால் தண்ணீர் கூடிவிட்டது. வறுத்த மாவு ஒரு கைப்பிடி சேருங்கள். கட்டி விழுந்திருந்தால் மிக்சியில் ஒரே ஒரு சுற்று, அதற்கு மேல் வேண்டாம். நனைத்த மாவை மூடிப் பதினைந்து நிமிடம் வைத்தால் ஈரம் சீராகும்.

குழலில் மாவைக் குத்தி அடைக்காதீர்கள். ஆவி ஏற வழியில்லாமல் நடுவில் பச்சையாக நிற்கும். தேங்காய், மாவு, தேங்காய் என்று தளர்வாகப் போட்டு, மேல் துளையில் ஆவி பலமாக வந்த பிறகு ஐந்து நிமிடம் விடுங்கள். ஆவியே வரவில்லை என்றால் குடத்தில் தண்ணீர் கழுத்துவரை நிறைந்திருக்கும், பாதிக்குக் குறையுங்கள். கடலைக்கறி வைக்க வசதியில்லாத நாளில் பயறும் பப்படமும் போதும், இல்லையா மட்டிப்பழம். குமரி மட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் பிள்ளைகளுக்குப் புட்டில் அதைப் பிசைந்து கொடுத்துத்தான் நமக்குப் பழக்கம்.

அவியல் தண்ணீராக நிற்கிறது, தீயல் கசக்கிறது, சேனை அரிக்கிறது

அவியலுக்குத் தடியங்காயும் (வெண்பூசணி) வெள்ளரிக்காயும் தாமாகவே தண்ணீர் விடும். அரை டம்ளர் தெளித்தால் போதும். தண்ணீர் நின்றுவிட்டால் மூடியைத் திறந்து, தீயைக் கூட்டி, கிளறாமல் வற்றவிட்டு அப்புறம் தேங்காயைச் சேருங்கள். அரைப்பு கொரகொரப்பாக இருக்க வேண்டும். மையாக அரைத்தால் கூட்டு ஆகிவிடும்.

தீயலின் கசப்புக்குத் தேங்காய் கருகியதுதான் காரணம். சிவந்து மணம் வந்ததுமே உடனே தட்டில் கொட்டிவிட வேண்டும், அடுப்பை அணைத்தாலும் சட்டியின் சூடு கருக்கிக்கொண்டே போகும். மல்லித்தூளும் மிளகாய்த்தூளும் அடுப்பை அணைத்த பிறகு. கருகின தேங்காயின் கசப்பை வெல்லமும் புளியும் எடுக்காது. குழம்பு வைக்கும் முன்பே நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் அந்தத் தேங்காயோடு நஷ்டத்தை நிறுத்திக்கொள்ளுங்கள்.

சேனையில் ஊசி ஊசியான ஆக்ஸலேட் படிகங்கள் உண்டு, அதுதான் நாக்கையும் கையையும் அரிக்கும். வெட்டும் முன் கையில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், புளித்தண்ணீர் விட்டு நன்றாக வேகவையுங்கள், பாதி வெந்ததை எடுக்காதீர்கள். அரித்துவிட்டால் கொஞ்சம் மோர் குடிக்கலாம்.

உப்பு கூடிவிட்டது, அடி பிடித்துவிட்டது

உருளைக்கிழங்கு போட்டால் உப்பை உறிஞ்சிவிடும் என்பார்கள். அது உப்புக் குழம்பைக் குடிக்கும், உப்பை மட்டும் தனியே எடுக்காது. குழம்பைப் பெருக்குவதுதான் வழி: வெந்நீர், இன்னும் கொஞ்சம் தேங்காய் அரைப்பு, அதற்கேற்ற புளி. நம் வீட்டில் இன்னும் சுலபம், அன்றைக்குக் கிழங்கை உப்பில்லாமல் வேகவைத்து அதோடு சாப்பிட்டால் கணக்கு சரியாகிவிடும்.

அடி பிடித்த வாடை மூக்கில் பட்டதும் கிளறாதீர்கள். கிளறினால் கருகல் முழுவதிலும் பரவும். மேலாக உள்ளதை வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள், அடியைத் தொட வேண்டாம். மாற்றியதை ருசி பார்த்து, வாடை லேசாக இருந்தால் சின்ன உள்ளியும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால் தெரியாது.

பழங்கஞ்சி

நல்ல பழங்கஞ்சியின் புளிப்பு மோர் வாடை அடிக்கும், சோறு தனித்தனியாக நிற்கும். அந்தப் புளிப்பைத் தருவது தயிரைப் புளிக்கவைக்கும் கிருமி வகைதான், வயிற்றுக்கு நல்லது. வழுவழுப்பும் இழுவையும் கெட்ட வாடையும் வேறு கிருமிகளின் வேலை. சோறு வெந்து ஆறும் நேரம்தான் ஆபத்தான நேரம். பெரிய பானையில் சூட்டோடு மூடிவைத்தால் நடுவில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பு நிற்கும். அதில் சில கிருமிகள் விஷம் சுரக்கும், அந்த விஷம் மறுபடி சூடாக்கினாலும் அழியாது. மிஞ்சிய சோற்றைத் தட்டில் பரப்பி வேகமாக ஆறவைத்து, மண்பானையில் போட்டு, சுத்தமான தண்ணீர் சோற்றுக்கு மேலே நிற்க ஊற்றுங்கள். காலையில் சாப்பிட்டுவிட வேண்டும், மத்தியானத்துக்கு எடுத்துவைக்காதீர்கள்.

எல்லாம் சரி, ஆனால் ருசி இல்லை

இந்தப் பிழைதான் அதிகம் பேரைச் சோர்வாக்குகிறது. பிள்ளைகள் இரண்டு வாய் வைத்துவிட்டு எழும்பிவிடும், சமைத்தவருக்கு மனசு விழுந்துவிடும். இதற்கு வரிசையாக ஒவ்வொன்றாகப் பாருங்கள். முதலில் உப்பு, கால் ஸ்பூன் போட்டுக் கலக்கி, இரண்டு நிமிடம் பொறுத்து மறுபடி ருசி பாருங்கள், உடனே தெரியாது. உப்பு சரியாக இருந்தும் சப்பென்று இருந்தால் புளிப்பு குறைவு. கஞ்சிக்கு ஒரு மாங்காய்த் துண்டு ஊறுகாய், பயறுக்கு நாலு சொட்டு எலுமிச்சை. அதற்கும் எழும்பவில்லை என்றால் கொழுப்பு. இறக்கிய பிறகு ஒரு ஸ்பூன் பச்சைத் தேங்காய் எண்ணெய், கசக்கிய கறிவேப்பிலை. கடைசியில் காரம்: இரண்டு காந்தாரியும் மூன்று சின்ன உள்ளியும் கல்லுப்போடு அம்மியில் ஒதுக்கி, தட்டின் ஓரத்தில் வையுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் சேர்த்து ருசி பாருங்கள். எதனால் சரியானது என்று தெரிந்தால் நாளைக்கு அதை முதலிலேயே போட்டுவிடலாம்.